சிங்கப்பூர் வீட்டுல கம்ப்யூட்டர் ஹீட்சிங்க், ஃபேன் தூசி எடுக்குறது எப்படி: முழு வழிகாட்டி

லேப்டாப் ஃபேன் சும்மா ஒரு வீடியோ போட்டாலே கத்த ஆரம்பிச்சுடுது, கேம் நடுவுல திடீர்னு இழுக்குது, கீபோர்டு மேல்பக்கம் விரல் வைக்க முடியாம சுடுது. இதெல்லாம் வந்தா நம்ம வீடுகள்ல உடனே வர்ற பேச்சு "மிஷின் பழசாயிடுச்சு, புதுசு ஒண்ணு பார்க்கணும்". ஆயிரம் வெள்ளியை எடுத்து வைக்குறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு ஒரு தடவை பின்பக்கத்தைத் திறந்து பாருங்க. மூணு நாலு வருஷமா ஒரு தடவை கூடத் திறக்காத மிஷின்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது தூசியைத்தான். அதை எடுக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும்.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா எங்க கை வைக்கணும்னு தானா தெரிஞ்சுடும். சிப்ல இருந்து வர்ற சூடு முதல்ல செம்பு அடித்தகட்டுக்குப் போகும், அங்கேருந்து ஹீட்பைப்ங்கிற செம்புக் குழாய் வழியா மெல்லிசான அலுமினியத் தகடுகளுக்குப் போகும், அந்தத் தகடுகளைத்தான் ஃபின்னு சொல்றோம், இது மொத்தமும் சேர்ந்ததுதான் ஹீட்சிங்க். அந்த ஃபின்களுக்கு நடுவுல ஃபேன் காத்தைத் தள்ளினாத்தான் சூடு வெளிய போகும். தூசி அடைக்கிறது இந்தக் கடைசி இடத்தை. காத்து போக வழியில்லாததால சூடு ஏறுது, ஏறினதும் ஃபேன் இன்னும் வேகமா சுத்துது, வேகமா சுத்தினா இன்னும் அதிகமா தூசியை இழுக்குது. ஒரு கட்டத்துல சிப் தன்னோட எல்லையைத் தொட்டுடும், நிறைய இன்டெல் சிப்புக்கு அது 100 டிகிரி, ஏஎம்டியோட ரைசன் 7000 டெஸ்க்டாப் வரிசையில பெரும்பாலானதுக்கு 95 டிகிரி, அதுக்கு மேல போகாம இருக்க அதுவே தன் வேகத்தைக் குறைச்சுக்கும். நீங்க பார்க்குற "ஸ்லோ" அதுதான். ஒரு விஷயம், ரைசன் 7000 முழு வேலை குடுத்தா 95 வரைக்கும் போறது அதோட டிசைனே, அந்த நம்பரை மட்டும் பார்த்து பயந்துடாதீங்க, சும்மா இருக்கும்போது எவ்வளவு காட்டுது, வேகம் குறையுதான்னு சேர்த்துப் பாருங்க.

நம்ம ஊர் தூசி ஒட்டுற தூசி

இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஆன்லைன்ல இருக்குற பெரும்பாலான வீடியோக்கள்ல ஒருத்தர் காத்து அடிக்கிற கேனை எடுத்து ரெண்டு தடவை புஸ்ஸுனு அடிப்பார், தூசி எல்லாம் மேகமா பறந்து போயிடும், ஃபேன் புதுசு மாதிரி ஆயிடும். காய்ஞ்ச ஊர்ல அது நடக்கும். சிங்கப்பூர்ல காத்தோட ஈரப்பதம் வருஷ சராசரியே 80 சதவீதத்துக்கு மேல. ஜன்னல் திறந்து, சீலிங் ஃபேன் ஓடுற எச்டிபி அடுக்குமாடி வீட்டுல அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவுல பெரிய தூரம் இல்ல, மீன் பொரிச்ச எண்ணெய்ப் புகை, தாளிக்கிற புகை எல்லாம் நேரா ஹாலுக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் ஊதுபத்தி, கற்பூரம். கீழ புளோக்ல சீனர்களோட ஏழாம் மாசத்துல காகிதம் எரிக்கிற சாம்பல் பறந்து வரும். புதுசா கட்டின பிடிஓ அடுக்குமாடிப் பேட்டைன்னா பக்கத்து வீட்டு ரெனோவேஷன் சிமெண்ட் தூசி மாசக்கணக்குல வரும். இதுக்கு மேல புகைமூட்டம், 2013 ஜூன்ல காத்து மாசு அளவான பிஎஸ்ஐ 401 வரைக்கும் போனது, 2015ல வாரக்கணக்குல விடாம இருந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், அந்தப் புகைத் துகள் கேஸ்ல இருக்குற வலை ஃபில்டருக்கெல்லாம் சிக்காத அளவு சின்னது.

இது எல்லாம் சேர்ந்து ஃபேன் இறக்கையில ஒரு பிசுபிசுப்புப் படலம் மாதிரி உக்காந்துடும், அதுக்கு மேல துணி நூல், முடி எல்லாம் வந்து ஒட்டிக்கும். அதனால இங்க ஊதுறது பாதி வேலைதான். பிரஷ்ஷால தட்டி, ஆல்கஹால் தொட்டுத் துடைச்சாத்தான் முழுசா வரும். ஊதி மட்டும் விட்டா மேல இருக்குற பஞ்சு போகும், அடியில பசை அப்படியே நிக்கும், அடுத்த மாசமே மறுபடி ஒட்ட ஆரம்பிச்சுடும்.

முதல்ல சூட்டை அளந்து எழுதி வைங்க

திறக்குறதுக்கு முன்னாடி எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டு, மிஷினை ஒரு 10 நிமிஷம் சும்மா விட்டு சிபியு, அதாவது முக்கிய சிப், எவ்வளவு டிகிரின்னு பாருங்க. அப்புறம் சினிபெஞ்ச் மாதிரி ஏதாவது ஒரு டெஸ்ட் 10 நிமிஷம் ஓட விட்டு அப்போ எவ்வளவுன்னு பாருங்க. ரெண்டையும் ஃபோன்ல நோட் பண்ணுங்க, ஸ்கோரையும் சேர்த்து. ஏர்கான் போட்டு அளந்தீங்களா, போடாம அளந்தீங்களான்னும் எழுதுங்க, ஏன்னா ரூம் 25 டிகிரியில இருக்குறதுக்கும் 31 டிகிரியில இருக்குறதுக்கும் சிப் சூடும் கிட்டத்தட்ட அதே அளவு மாறும். ராத்திரி ஏர்கான்ல ஒண்ணு, மத்தியானம் ஏர்கான் இல்லாம இன்னொண்ணுன்னு அளந்தா ஒப்பிடவே முடியாது.

என்னென்ன வேணும்

நல்ல மேக்னட் முனை ஸ்க்ரூ டிரைவர் செட் ஒண்ணு, லேப்டாப்னா பிஎச்0, பிஎச்00ங்கிற சின்ன கூட்டல்குறி முனை கட்டாயம் இருக்கணும், சில மாடலுக்கு நட்சத்திர வடிவ டார்க்ஸ் டி5, மேக்புக்னா அதோட அஞ்சு இதழ் முனை. மெத்துனு ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு சின்ன மேக்கப் பிரஷ், காது பஞ்சுக் குச்சி, மைக்ரோஃபைபர் துணி, இதெல்லாம் டைசோவுல ரெண்டு வெள்ளி சொச்சத்துக்குக் கிடைச்சுடும். ஒரு மாஸ்க். ஐசோப்ரோபைல் ஆல்கஹால், ஐபிஏன்னு கேட்டா தெரியும். மருந்துக்கடையில கிடைக்குற ஆல்கஹால் துணி பெரும்பாலும் 70 சதவீதம், மிச்சம் தண்ணி, அது ஃபேன் இறக்கை துடைக்க ஓகே, காய விட்டா போதும். ஆனா சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல சூடு கடத்தத் தடவுற தெர்மல் பேஸ்ட்டைத் துடைக்க, போர்டு பக்கம் போக 99 சதவீதம் வாங்குங்க, ஆன்லைன்ல சுலபமா கிடைக்கும், இல்லன்னா சிம் லிம் டவர் பக்கம் போய் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில கேளுங்க. சிம் லிம் ஸ்குவேர்ல கம்ப்யூட்டர் கடைகள், ரோடு தாண்டி இருக்குற டவர்ல உதிரிபாகக் கடைகள், ரெண்டும் தேக்காவுல இருந்து நடந்து போற தூரம்தான்.

இப்போ ஊதுறதுக்கு எது நல்லதுன்னு கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதுலதான் நிறைய பேர் தப்பான சாமானை வாங்குறாங்க. கேன்ல வர்ற ஏர் டஸ்டர் வெறும் காத்து இல்ல, உள்ள திரவமா இருக்குற வாயு அது, அடிக்க அடிக்க கேனும் ஜில்லுனு ஆகும், அது படுற இடமும் ஜில்லுனு ஆகும். சிங்கப்பூர்ல காத்துல இருக்குற ஈரம் 24 டிகிரி சுமாருக்குக் கீழ இருக்குற எந்தப் பரப்பு மேலயும் தண்ணியா படிஞ்சுடும். அதனால ஒரே இடத்துல தொடர்ந்து அடிச்சா நீங்களே உள்ள ஈரத்தை உண்டாக்குறீங்க. கேனைச் சாய்ச்சுப் பிடிச்சா, தலைகீழாப் பிடிச்சா, திரவமே பீய்ச்சி அடிக்கும், அது இன்னும் மோசம். கேன்தான் கையில இருக்குன்னா நேராப் பிடிச்சு, ஒரு ஒரு செகண்டா விட்டு விட்டு அடிங்க. என் யோசனை, சார்ஜ் போடுற எலக்ட்ரிக் ஏர் டஸ்டர் ஒண்ணு வாங்கிடுங்க. கேன் மாதிரி காலியாகாது, ஜில்லுனு ஆகாது, வருஷக்கணக்குல உழைக்கும். அக்கா வீடு, தம்பி வீடுன்னு குடும்பத்துக்கே ஒண்ணு இருந்தா போதும்.

வீட்டு வேக்குவம் கிளீனரை நேரா போர்டு மேல வைக்காதீங்க, பிளாஸ்டிக் முனையில தூசி உரசி ஓடும்போது நிலைமின்சாரம் சேரும், அதோட சின்ன ஸ்க்ரூ, ஜம்பர் எல்லாம் உள்ள போயிடும். பக்கத்துல ஒரு அடி தள்ளிப் பிடிச்சு, பறக்குற தூசியை இழுக்க மட்டும் வச்சுக்கலாம். வாயால ஊதவே வேணாம், எச்சில் படும். ஹேர் டிரையர் சூடு வேணாம்.

எங்க உக்காந்து பண்றது

சர்வீஸ் யார்டு வசதி, ஆனா துணி காயுதான்னு பாருங்க, உங்க துணி மட்டும் இல்ல, கீழ் மாடிக்காரங்க மூங்கில்ல போட்டிருக்குறதும். காரிடார்ல பண்ணா பழைய பெட்ஷீட் விரிச்சு, முடிஞ்சதும் கூட்டிடுங்க, அக்கம்பக்கத்துல மனஸ்தாபம் வேணாம். ஜன்னல் ஓரத்துல, பராபெட் சுவர் மேல கேஸ் கதவு, ஃபில்டர் எதையும் ஒரு நிமிஷம் கூட வைக்கக் கூடாது. மேல இருந்து ஒரு ஃபேன் விழுந்தாலும் கீழ நடக்குறவர் உயிருக்கே ஆபத்து, இங்க அது சட்டப்படி குற்றமும் கூட.

ஏர்கான் ரூம்ல இருந்த மிஷினை அப்படியே தூக்கி வெளிய கொண்டு போகாதீங்க. ஜில்லுனு இருக்குற உலோகத்துல வெளிக்காத்து பட்டதும் வேர்க்கும், மூக்குக்கண்ணாடியில பனி படியுறதை நீங்களே பார்த்திருப்பீங்க. ஏர்கானை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விட்டுட்டு அப்புறம் தூக்குங்க.

டெஸ்க்டாப்: படிப்படியா

ஷட் டவுன் பண்ணுங்க, பின்னாடி பவர் சப்ளை ஸ்விட்சை அணைங்க, சுவத்துல ஸ்விட்ச் அணைச்சு பிளக்கையும் கழட்டுங்க. எல்லாம் கழட்டினதுக்கு அப்புறம் பவர் பட்டனை ஒரு 10 செகண்ட் அமுக்கிப் பிடிங்க, மிச்சம் இருக்குற சார்ஜ் கொஞ்சம் இறங்கும். கேபிள் எல்லாம் எடுக்குறதுக்கு முன்னாடி பின்பக்கத்தை ஒரு ஃபோட்டோ, கதவைத் திறந்ததும் உள்பக்கம் நாலு ஃபோட்டோ. வேலை நடுவுல அப்பப்போ கேஸோட பெயிண்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கோங்க.

முதல்ல ஃபில்டர். முன்பக்கம், மேல, அடியில பவர் சப்ளைக்குக் கீழன்னு மூணு இடத்துல இருக்கலாம், அடியில இருக்குறதை நிறைய பேர் மறந்தே போயிடுறாங்க, அதுலதான் தரையில இருக்குற முடி எல்லாம் சேரும். பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில அலசி, உதறி, காய வைங்க. நம்ம ஈரத்துல சும்மா வச்சா சீக்கிரம் காயாது, டேபிள் ஃபேன் முன்னாடி நிக்க வைங்க. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் திருப்பி மாட்டாதீங்க.

அடுத்தது கேஸ் ஃபேன். ஊதும்போது இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, இது கட்டாயம். பலமான காத்துல ஃபேன் அதோட சாதாரண வேகத்தைத் தாண்டிச் சுத்தும், பேரிங் தேயும், சுத்துற மோட்டார் கரண்டையும் உண்டு பண்ணும், அது போர்டு பக்கம் திரும்பிப் போறது நல்லதில்ல. முதல்ல காஞ்ச பிரஷ், அப்புறம் ஊதல், அப்புறம் ஐபிஏ தொட்ட பஞ்சுக் குச்சியால ஒவ்வொரு இறக்கையும் முன்பக்கம், பின்பக்கம். எல்லா இறக்கையையும் ஒரே மாதிரி துடைங்க, ஒண்ணுல அழுக்கு இருக்கு இன்னொண்ணுல இல்லன்னா எடை சமமில்லாம அதிரும். நடு மையத்துல ஐபிஏ ஊத்தாதீங்க, உள்ள இருக்குற பேரிங் எண்ணெய் கரைஞ்சுடும். குச்சி நனைஞ்சிருந்தா போதும், சொட்டக் கூடாது.

ஃபேனைக் கழட்டிட்டீங்கன்னா திசையை மாத்தி மாட்டிடாதீங்க. ஃபேனோட சட்டத்துல குறுக்குக் கம்பி இருக்குற பக்கம்தான் காத்து வெளிய வரும், நிறைய ஃபேன்ல ஓரத்துல அம்புக்குறியும் போட்டிருப்பாங்க.

சிபியு கூலர் தான் முக்கியமான இடம். டவர் மாதிரி உயரமா இருக்குற கூலர்னா ரெண்டு கம்பி கிளிப்பை நெம்பினா ஃபேன் மட்டும் தனியா வந்துடும், ஹீட்சிங்க்கைத் தொட வேண்டியதே இல்ல, பேஸ்ட்டும் போட வேண்டாம். ஃபேனை எடுத்ததும் பின்னாடி ஃபின் மேல கம்பளி மாதிரி ஒரு படுகை ஒட்டியிருக்கும் பாருங்க, அதுதான் எல்லாத்துக்கும் காரணம். அதை ஊதி உள்ள தள்ளாதீங்க. ஓரத்துல பிரஷ்ஷால நெம்பி, ட்வீசர்ல பிடிச்சு உரிச்சு எடுங்க, நிறைய நேரம் ஒரே துண்டா வந்துடும். அப்புறம் எதிர்ப்பக்கத்துல இருந்து, அதாவது காத்து வெளிய போற பக்கத்துல இருந்து ஃபேன் இருந்த பக்கமா ஊதுங்க, நடுவுல சிக்கினது வந்த வழியே வெளிய வரும். ஃபின் ரொம்ப மெல்லிசு, ஸ்க்ரூ டிரைவர் விட்டுக் குடையாதீங்க, வளைஞ்சா அந்த இடத்துல காத்து போகாது. லிக்விட் கூலர் வச்சிருக்கறவங்களும் "எனக்குத் தூசி பிரச்சினை இல்ல"ன்னு நினைக்க வேணாம், ரேடியேட்டர்லயும் இதே படுகைதான், அதே முறைதான்.

சிப்போட கூடவே வந்த குட்டை கூலர்ல ஃபேன் தனியா வராத மாதிரி இருந்தா ஹீட்சிங்க்கோட கழட்ட வேண்டியிருக்கும். அப்போ புது தெர்மல் பேஸ்ட் கட்டாயம். ஏஎம்4 சாக்கெட் (போர்டுல சிப் உக்கார்ற இடம்) ரைசன் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அதுல சிப்போட அடியிலதான் பின் இருக்கு, காய்ஞ்ச பேஸ்ட் பசையா பிடிச்சுக்கிட்டு, கூலரை நேரா இழுத்தா பூட்டியிருக்குற சாக்கெட்ல இருந்தே சிப் பிடுங்கிக்கிட்டு வந்துடும், பின் வளைஞ்சுடும். மிஷினை 15 நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிட்டு, அணைச்சு பிளக் கழட்டி, கூலரை இடமும் வலமுமா மெதுவா திருகி, பிடி விட்டதுக்கு அப்புறம் தூக்குங்க. 2022ல வந்த ஏஎம்5ல சிப்பை ஒரு சட்டம் அமுக்கிப் பிடிச்சிருக்கும், அங்க இந்தப் பயம் இல்ல.

கிராஃபிக்ஸ் கார்டு: பூட்டு கிளிப்பை அமுக்கி, பின்னாடி ஸ்க்ரூ எடுத்து, ரெண்டு கையால தூக்கி வெளிய எடுங்க, கேஸுக்குள்ள வச்சே ஊதினா தூசி எல்லாம் போர்டு மேலதான் விழும். ஃபேன்களைப் பிடிச்சுக்கிட்டு ஓரங்கள்ல இருந்து ஊதுங்க, இறக்கையைத் துடைங்க. கூலரையே பிரிக்கிறது வேற வேலை, உள்ள சூடு கடத்துற மெத்துனு பட்டை, தெர்மல் பேட், ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு தடிமன்ல இருக்கும், சூடு ரொம்ப மோசமா இருந்தாலொழிய வேணாம்.

பவர் சப்ளையை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீங்க. பிளக்கைக் கழட்டினாலும் உள்ள இருக்குற பெரிய கெபாசிட்டர்ல ஆளைத் தாக்குற அளவுக்கு சார்ஜ் நிக்கும். வெளிய இருந்தே, கிரில் வழியா ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால ஃபேனை நிறுத்திப் பிடிச்சு விட்டு விட்டு ஊதுங்க, வர்றது வரட்டும்.

மதர்போர்டு கடைசி. மெத்துனு பிரஷ்ஷால மேல இருந்து கீழ தள்ளி, ஊதிடுங்க. துணியால துடைக்காதீங்க, சின்னச் சின்ன பாகத்துல நூல் மாட்டும்.

லேப்டாப்: பொறுமை வேணும், பயம் வேணாம்

லேப்டாப்ல அடைப்பு எங்க இருக்குன்னா, ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் நடுவுல. ஃபேன் கீழ இருந்து காத்தை எடுத்து பக்கவாட்டுல ஃபின் வழியா தள்ளுது, ஃபின் இடைவெளி ரொம்பக் குறுகல், அதனால உள்பக்க முகத்துல ஒரு சுவர் எழும்பிடும். வெளிய இருந்து பார்த்தா சுத்தமாத்தான் தெரியும். வெளிய இருந்து ஊதினா அந்தச் சுவர் உடைஞ்சு ஃபேனுக்குள்ள விழும், ரெண்டு நாள் நல்லா இருக்கும், மறுபடி அதே காத்துல தள்ளப்பட்டு அதே இடத்துல போய் உக்காந்துடும். அதனாலதான் ஃபேனைக் கழட்டிச் சுத்தம் பண்ணுங்கன்னு சொல்றேன்.

உங்க மாடல் நம்பரைப் போட்டு முதல்ல ஒரு திறக்குற வீடியோ முழுசா பாருங்க. டெல், லெனோவோ மாதிரி கம்பெனிகள் சர்வீஸ் மேனுவலையே இலவசமா போட்டிருக்காங்க, அதுல எந்த ஸ்க்ரூ எங்கன்னு படத்தோட இருக்கும். வாரண்டி இன்னும் இருந்தா திறக்கலாமான்னு அதுலயும் ஒரு பார்வை பாருங்க. விண்டோஸ்ல ஷிஃப்ட் கீயை அமுக்கிக்கிட்டே ஷட் டவுன் குடுங்க, அப்போதான் முழுசா அணையும். சார்ஜரைக் கழட்டுங்க. திங்க்பேட்னா பயாஸ்லயே, அதாவது ஆன் பண்ணும்போது வர்ற செட்டிங்ஸ் மெனுவுலயே, பேட்டரியை நிறுத்துற ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டுடுங்க.

ஒரு பேப்பர்ல லேப்டாப் அடிப்பக்கத்தை வரைஞ்சு, எடுக்குற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதே இடத்துல டேப் போட்டு ஒட்டுங்க. நீளம் வேற வேறயா இருக்கும், நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்துல முறுக்கினா மேல கீபோர்டு பக்கம் குத்திக்கிட்டு வரும். ஓரக் கிளிப்புகளை விடுவிக்க கத்தி வேணாம், காலாவதியான ஈஸி-லிங்க் பஸ் கார்டு ஒண்ணு இருந்தா அதைச் செருகி ஓரமா ஓட்டிக்கிட்டே போங்க, டக் டக்குனு விடும். எங்கயாவது வரலைன்னா இழுக்காதீங்க, ஒரு ஸ்க்ரூ ரப்பர் காலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுக்குறது, நகத்தாலயோ பிளாஸ்டிக் முனையாலயோ. இங்க ஒண்ணு பாருங்க, நம்ம ஊர்ல லேப்டாப்பை வருஷம் முழுக்க சார்ஜர்லயே வச்சிருக்கோம், ரூமும் சூடு, பேட்டரி உப்புறது சாதாரணம். தலகாணி மாதிரி உப்பியிருந்தா, டச்பேட் மேல எழும்பியிருந்தா, அத்தோட நிறுத்துங்க. குத்தாதீங்க, அமுக்காதீங்க, சார்ஜ் போடாதீங்க, கடைக்குக் கொண்டு போங்க.

பேட்டரி சரியா இருந்தா ஃபேன் ஸ்க்ரூ ரெண்டு மூணு எடுத்து, கனெக்டரை ஒயரைப் பிடிச்சு இழுக்காம தலையைப் பிடிச்சு விடுவிச்சு, ஃபேனைத் தூக்குங்க. ஃபின் முகத்துல இருக்குற சுவரை ட்வீசரால உரிங்க. இப்போ ஃபேன் இல்லாததால வெளிப்பக்கத்துல இருந்து உள்பக்கமா தைரியமா ஊதலாம், விழுறதை பிரஷ்ஷால எடுத்துடுங்க. லைட் அடிச்சு ஃபின் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சாத்தான் முடிஞ்சது. ஃபேனை முன்ன சொன்ன மாதிரி பஞ்சுக் குச்சியால துடைங்க. சில மாடல்ல ஃபேனும் ஹீட்பைப்பும் ஒண்ணா வெல்டு பண்ண மாதிரி இருக்கும், அப்போ முழுசா எடுத்து பேஸ்ட் மாத்தணும். சில கேமிங் லேப்டாப்ல பேஸ்ட்டுக்குப் பதிலா லிக்விட் மெட்டல் இருக்கும், அது கரண்ட் கடத்தும், சிதறினா போர்டே போயிடும், அதைக் கழட்டாதீங்க.

ஃபேன் கரகரன்னு சத்தம் போடுதுன்னு தேங்காய் எண்ணெயோ கதவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயோ விடுற பழக்கம் இருக்கு. வேணாம். கொஞ்ச நாள் சத்தம் குறையும், அப்புறம் அந்த எண்ணெயே தூசியைப் பிடிச்சு பிசினா ஆயிடும். சுத்தம் பண்ணியும் சத்தம் இருந்தா பேரிங் தேய்ஞ்சுடுச்சு, ஃபேனை மாத்துங்க. டெஸ்க்டாப் ஃபேன்னா பழசோட அளவு, 120 மில்லிமீட்டரா 140ஆ, 3 பின்னா 4 பின்னான்னு பார்த்து வாங்கினா போதும்.

பேஸ்ட் பத்தி சுருக்கமா

பழசை 99 சதவீத ஐபிஏவால ரெண்டு பக்கமும் பளபளன்னு ஆகுற வரைக்கும் துடைங்க. டெஸ்க்டாப் சிப்புக்கு நடுவுல ஒரு பட்டாணி அளவு, லேப்டாப்புல நேரா சிலிக்கான் மேல போடுறதால மெல்லிசா முழுசும் பரப்பிடுங்க, ஓரம் விட்டுப் போகக் கூடாது. ஸ்க்ரூவை எண் வரிசையில, கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி முறுக்குங்க.

திருப்பி மாட்டினதும்

மூடுறதுக்கு முன்னாடி ஒயர் எதுவும் இறக்கையில படுதான்னு விரலால சுத்திப் பாருங்க. எல்லா ஃபேன் கனெக்டரும் மாட்டியாச்சா? ஆன் பண்ணதும் சிபியு ஃபேன் எரர்னு வந்தா பதறாதீங்க, கனெக்டர் வேற இடத்துல மாட்டியிருப்பீங்க. ஆன் பண்ணி, அதே ஏர்கான் நிலையில, அதே டெஸ்ட்டை ஓட்டி முதல்ல எழுதின நம்பரோட பாருங்க. நல்லா அடைச்சிருந்த மிஷின்ல வித்தியாசம் சத்தத்துலயே தெரியும். சூடு கொஞ்சமும் குறையலைன்னா பேஸ்ட் காஞ்சிருக்கணும், இல்ல கூலர் சரியா உக்காரல.

பிளேஸ்டேஷன் 5 வச்சிருக்குற பிள்ளைங்க வீட்டுல இதையும் கவனிங்க, பக்கத் தகட்டை எடுத்தா தூசி சேர்றதுக்குன்னே ஓட்டை வச்சிருக்காங்க, அதுல வேக்குவம் வச்சு இழுத்தா போதும், அதுக்கு மேல பிரிக்காதீங்க, அதுலயும் லிக்விட் மெட்டல்தான். ரவுட்டருக்கு ஃபேன் கிடையாது, ஆனா கதகதன்னு இருக்குறதால கரப்பான் குடியேறும், ஓட்டைகளை பிரஷ்ஷால சுத்தம் பண்ணிட்டு கரப்பான் ஜெல்லை சுவர் ஓரத்துல வைங்க, மிஷினுக்குள்ள இல்ல.

அடுத்த தடவை வரைக்கும் தூசி குறைய

கேஸை தரையில வைக்காதீங்க, ஒரு சின்ன ஸ்டூல் உயரம் தூக்கினாலே முடியும் குப்பையும் பாதி குறையும். சாமி மேடை பக்கத்து அலமாரியில, அடுப்படிக்கு நேரா, ஏர்கானுக்கு நேர் கீழ வைக்க வேணாம். சுவத்துக்கும் கேஸுக்கும் நடுவுல ஒரு ஜாண் இடம் விடுங்க. காத்து உள்ள இழுக்குற ஃபேன் வெளிய தள்ளுற ஃபேனை விட கொஞ்சம் அதிகமா இருக்குற மாதிரி அமைச்சா, காத்து ஃபில்டர் வழியா மட்டும் வரும், சந்து பொந்துல இருந்து தூசியை இழுக்காது. மெத்தை மேல லேப்டாப் வச்சு வேலை செய்றது அடிப்பக்க ஓட்டையை அடைச்சு, மெத்தைப் பஞ்சையும் சேர்த்து இழுக்கும். பக்கத்து வீட்டுல ஹேக்கிங், அதாவது சுவர், தரை உடைக்கிற வேலை நடக்குற நாள்ல முடிஞ்சா மிஷினை அணைச்சு, ஆறினதும் துணி போட்டு மூடி வைங்க, சிமெண்ட் தூசி நம்ம ஈரத்துல இறுகிடும், அப்புறம் ஊதினா வராது.

எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு கேட்டா, ஃபில்டர் மாசம் ஒரு தடவை, டெஸ்க்டாப் உள்பக்கம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, லேப்டாப் வருஷம் ஒரு தடவை. தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போதே லேப்டாப்பையும் சேர்த்துக்கிட்டா மறக்காது, ஆனா ஒட்டடை அடிச்சு முடிச்சு தூசி அடங்கின மறுநாள் திறங்க. 2024 செப்டம்பர்ல இருந்து எச்டிபி வீட்டுலயும் பூனை வளர்க்க அனுமதி வந்துடுச்சு, பூனை இருக்குற வீடுன்னா இந்தக் கணக்கைப் பாதியாக்கிடுங்க, புகைமூட்டம் வந்து போன மாசத்துக்கு அப்புறமும் ஒரு தடவை பார்த்துடுங்க.

கை நடுங்குது, திறக்க மனசு வரலைன்னா அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல, கடைக்குக் கொண்டு போங்க. ஆனா "கிளீனிங்"னு மட்டும் சொல்லாதீங்க, ஃபேனைக் கழட்டி ஃபின்னைச் சுத்தம் பண்ணுவீங்களா, பேஸ்ட் மாத்துவீங்களா, ரெண்டுக்கும் சேர்த்து எவ்வளவுன்னு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, முக்கியமான ஃபைலை பேக்கப் எடுத்துட்டுக் குடுங்க. எடுத்த தூசிப் படுகையை ஒரு ஃபோட்டோ எடுத்துக் காட்டச் சொல்லலாம், நல்ல கடைக்காரர் சந்தோஷமா காட்டுவார். திருப்பி வாங்கும்போது கடையிலேயே ஒரு 10 நிமிஷம் டெஸ்ட் ஓட விட்டு, நீங்க எழுதி வச்சிருக்குற பழைய நம்பரோட பார்த்துட்டு காசு குடுங்க.